இரண்டாவது துண்டு

படத்தை வாட்ஸாப் குழுவில் போட்டது வண்டியூர் ராம்கி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். பேரையூர் பக்கம் மக்காச்சோளக் காட்டில் நாட்டுத் துப்பாக்கி வெடித்து, காவல் இருந்தவரின் விரல்கள் போய்விட்டன என்று ஒரு செய்தி. அதன் கீழே, போலீஸ் மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்த துப்பாக்கியின் படம். குழாய் நடுவில் வாய் பிளந்து கிடந்தது. கட்டை, கோடாலியால் கொத்திய கருவேலம்.

"குழாயும் கட்டையும் குப்பை. ஆனா அந்தப் பின்பக்கச் சாமானப் பாருங்க, கடைசல் எம்புட்டு சுத்தம்! இதப் பண்ணுனவன் லேசுப்பட்ட ஆளில்ல" என்று ராம்கி எழுதியிருந்தான்.

அவன் அப்படி எழுதியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குழுவில் இருந்த முப்பத்தேழு பேரும் வீட்டில் சின்ன லேத்தை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய் வந்த நேரம் போக, ஆசைக்கு இரும்பு கடைகிறவர்கள். ஒருவர் கடிகாரம் செய்வார், ஒருவர் பொம்மை ரயில். எதைப் பார்த்தாலும் அவர்கள் கண் முதலில் போவது கடைசலுக்குத்தான். அதற்குள் நான்கு பேர் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

திருநகர் வீட்டின் முன்கூடத்தில் தன் லேத்துக்குப் பக்கத்தில் நின்றபடி சுபலட்சுமி அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். பித்தளை நிறத்தில், கட்டை விரல் அளவு சாமான். அதன் ஓரத்தில் ஒன்றையொட்டி ஒன்றாக இரண்டு மயிரிழைக் கோடுகள்.

போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் சேலையில் துடைத்தாள். கையில் எண்ணெய் ஒன்றும் இல்லை.

எந்தச் சாமானைக் கடைந்து முடித்தாலும் கடைசியாக ஓரத்தில் அந்த இரண்டு கோடுகளை இழுத்துவிடுவது அவள் வழக்கம். கப்பலூரில் ஒரு கம்பெனியில் டிராயிங் போடும் வேலை அவளுக்கு. நாளெல்லாம் திரையில் கோடு போட்டுவிட்டு வருகிறவளுக்கு, கையால் தொடக்கூடிய ஒன்றைச் செய்ய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆறு வருடத்துக்கு முன் கோயம்புத்தூரில் பழைய லேத் ஒன்றை வாங்கி, முன்கூடத்துக்குக் கம்பிக் கதவு போட்டு, அங்கே நிறுத்தினாள். இரண்டு குட்டி நீராவி எஞ்சின்கள் ஓடவும் செய்தன. மூன்றாவது பாதியில் இருந்தது.

போன புரட்டாசியில் அவள் தம்பி அருள்பாண்டி பேரையூரிலிருந்து ஒரு தாளோடு வந்தான். தாளில் பேனாவால் கிறுக்கிய படம், பக்கத்தில் அளவுகள்.

"மருந்தடிக்கிற பம்புக்கு வேணும்க்கா. கடையில கேட்டா இந்த மாடல் வர்றதில்லங்குறாய்ங்க. ரெண்டு செஞ்சு குடு."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருபது வருடமாக டிராயிங் பார்க்கிற கண். மருந்தடிக்கிற பம்பில் இந்தச் சாமானுக்கு இடமே இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வாய்வரை ஒரு கேள்வி வந்தது. தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எஞ்சின் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தான். கேள்வியை விழுங்கிவிட்டு, "ஞாயித்துக்கிழம வா" என்றாள். வேலை அவ்வளவு நேர்த்தியாக வந்தது. செய்து முடித்தபோது அவளுக்கே பெருமையாக இருந்தது. வழக்கம்போலக் கோடுகளையும் இழுத்துவிட்டாள்.

போன் அடித்தது. ராம்கிதான். குரல் தணிந்திருந்தது.

"அக்கா... படத்தப் பாத்தீகளா?"

"பாத்தேன்."

"நா கோட்டக் கவனிக்காமப் போட்டுட்டேங்க்கா. இப்பத்தான் பெருசாக்கிப் பாத்தேன். படத்த அழிச்சுட்டேன். நா ஒண்ணும் பாக்கல, சரியா? குழுவுல நீங்க போட்ட பழைய சாமான் படமெல்லாம் இருந்தா நீங்களும் எடுத்துருங்க." அவன் வைத்துவிட்டான்.

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். அவள் குழுவின் பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ராம்கிக்குத் தெரிந்தது மற்ற முப்பத்தைந்து பேரில் இன்னொருவருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்?

கணவன் பாண்டியராஜன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். மின்வாரிய ஆபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிதானமாக இட்லி சாப்பிடுவான். அவள் எதிரில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னாள். அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மீந்த பித்தளை இருக்கா? அந்தத் தாளு?"

"இருக்கு."

"எல்லாத்தையும் எடு. கண்மாயில கொண்டுபோயிப் போட்டுட்டு வாரேன். நீ அவனுக்கு ஒண்ணும் செஞ்சு குடுக்கல. அம்புட்டுத்தான்."

"ரெண்டு செஞ்சேங்க."

"அதான், ரெண்டும்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். அவளைப் பார்த்தான். "வெடிச்சது ஒண்ணுதான?"

"ஆமா."

"இன்னொண்ணு எங்க?"

அருள்பாண்டியின் போன் அணைந்திருந்தது. மூன்று முறை அடித்துப் பார்த்தாள். பிறகு முத்துமீனாவுக்குப் போட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்தவள். இப்போது மதுரையில் வக்கீல். முத்துமீனா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள்.

"சுபா, நான் பூசி மெழுகல. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செய்யிறது மட்டும் குத்தமில்ல, துப்பாக்கிக்கான பாகமும் சட்டத்துல ஆயுதம்தான். அதுக்குன்னு மெஷின் ஓட்டுனா அந்த மெஷினும் ஆயுதக் கணக்கு. செஞ்சதுக்குத் தண்டனை ஏழு வருஷத்துக்குக் கொறையாது. ஆனா எதுக்குன்னு தெரியாமச் செஞ்சா அது வேற. உனக்குத் தெரியாது. தெரியாதுல்ல?"

சுபலட்சுமி மேஜை இழுப்பறையைத் திறந்து, தம்பி கொண்டுவந்த தாளைப் பார்த்தாள்.

"எதையும் அழிக்காத. அழிச்சா அது தனிக் கேசு. அந்த இன்னொண்ணு எங்கன்னு மொதல்ல பாரு. பாத்தா நீ தொடாத, தூக்கிட்டு வராத. வழியில புடிச்சா ஒங்கையில இருந்ததா ஆயிரும். நா பின்னாலயே வாரேன்."

பாண்டியராஜன் முத்துமீனாவைக் கூட்டிவரக் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்குள் போனான். போவதற்கு முன், "நா வர்ற வரைக்கும் அங்க போகாத" என்றான். அவன் கார் தெருமுனை திரும்பியதும் அவள் ஸ்கூட்டரை எடுத்தாள்.

திருமங்கலம் தாண்டியதும் சாலை அகன்று வெறிச்சிட்டது. தை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தது. காற்று குளிர்ந்திருந்தும் கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. கல்லுப்பட்டியில் ஒரு போலீஸ் ஜீப் அவளை முந்திக்கொண்டு போனபோது, தன்னையறியாமல் வண்டியை ஓரத்தில் நிறுத்திவிட்டாள். அது பாட்டுக்குப் போய்விட்டது. அப்படி நின்றதற்காக வெட்கமாக இருந்தது. நாற்பத்து மூன்று வயதுவரை போலீஸ் ஜீப்பைப் பார்த்து அவள் எதற்கும் ஒதுங்கியதில்லை.

அருள்பாண்டி வீட்டில் இல்லை. காட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அவன் மக்காச்சோளம் போட்டிருந்தது ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர். வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தாள். இரண்டு பாத்திக்கு ஒரு பாத்தி தட்டை மடிந்து கிடந்தது. கதிரைக் கடித்துத் துப்பி, வேரைக் கிளறி, மண்ணெல்லாம் பன்றிக் குளம்பு. ஒரு ராத்திரியில் ஒரு கூட்டம் என்ன செய்யும் என்று தம்பி போனில் அழாத குறையாகச் சொன்னபோதெல்லாம் அவள் ம் கொட்டியிருக்கிறாள். பார்த்தது இப்போதுதான்.

கிணற்று மேட்டு வேப்பமரத்தடியில் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இரண்டு நாளாக மழிக்காத முகம். அக்காளைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்னக்கா இம்புட்டு தூரம், சொல்லாமக் கொள்ளாம?"

"போன எதுக்குடா அமத்தி வச்சிருக்க?"

அவன் தலையைக் குனிந்தான். அவள் கேட்கக் கேட்கக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. குழாய் வேலை செய்தது வெல்டிங் பட்டறை முத்திருளன். சேதி தெரிந்த அன்றே திருப்பூருக்கு ஓடிவிட்டான். செய்தது இரண்டு. ஒன்று அவன் காட்டுக்குக் காவல் இருந்த மலைச்சாமியிடம். வெள்ளிக்கிழமை விடியுமுன் பன்றியைப் பார்த்து அவர் சுட்டார், குழாய் தாங்கவில்லை. வலது கையில் மூன்று விரல் போயிற்று. மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"லைசென்ஸ் கேட்டு ஒரு மனு குடுத்திருக்கலாம்லடா. பன்னிக்கு முறையாச் செய்ய வழியிருக்குல்ல?"

"யாருக்கா அலையிறது? இந்தா தை வந்தாக் கதிரு அறுக்கணும். மனு குடுத்து, விசாரிச்சு, அவய்ங்க வந்து பாக்குறதுக்குள்ள பன்னி எனக்கு ஒரு கதிர மிச்சம் வைக்குமா?"

"மலைச்சாமி அண்ணன் போலீசுல என்ன சொல்லியிருக்காரு?"

அவன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அருளு, என்ன சொல்லியிருக்காரு?"

"காட்டுல கெடந்துச்சு, எடுத்தேன்னு. நாந்தான்க்கா சொல்லச் சொன்னேன். ஆஸ்பத்திரியில போயிக் காலப் புடிச்சுச் சொன்னேன். அவரு ஒத்துக்கிட்டாரு."

கூலிக்குக் காவல் இருந்த மனுஷன் விரலையும் கொடுத்து, வழக்கையும் தலையில் சுமக்க வேண்டுமாம். சுபலட்சுமிக்குத் தம்பியை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அதே கை அந்தப் பித்தளையைக் கடைந்த கை என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

"இன்னொண்ணு எங்க?"

"மோட்டார் ரூம்ல. ஸ்லாப்பு மேல சாக்குல சுத்தி வச்சிருக்கேன்." அவன் குரல் இறங்கியது. "வெடிமருந்து போட்டது போட்டபடி இருக்குக்கா. வியாழக்கெழம நாந்தான் போட்டேன். மலைச்சாமி கையப் பாத்ததுக்கு அப்பறம் அதத் தொடவே கை வரல. இருட்டுனதும் கிணத்துல போட்டுரலாம்னு..."

அவன் முடிக்கவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"கரண்ட்டு வந்துருச்சு போல" என்றான். அடுத்த நொடி அவன் முகம் மாறியது. "சுவிச்ச யாரு போட்டு வச்சா?"

ஓடினார்கள். மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரில் ஆணியில் ஒரு தூக்குவாளி தொங்கியது. ஸ்லாப்பின் மேல் சிலந்திக் கூடு அறுந்து, தூசியில் நீளமாக ஒரு தடம் மட்டும் இருந்தது. சாக்கு இல்லை.

"தங்கப்பொண்ணு வாளி" என்றான் அருள்பாண்டி. உதடு வெளுத்திருந்தது. "மலைச்சாமிக்கு அக்கா. தண்ணி பாய்ச்ச வந்திருக்கு."

வெளியே வந்து பார்த்தார்கள். தார்ச்சாலைக்குப் போகிற வண்டிப்பாதையில், இருநூறு அடிக்கு அப்பால், ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். சாக்குச் சுருளை நிமிர்த்தித் தோளோடு சேர்த்து அணைத்திருந்தாள். அதன் மேல்முனை அவள் தாடையை உரசிக்கொண்டிருந்தது.

"ஏ தங்கப்பொண்ணு! நில்லு! அதக் குடு!" அருள்பாண்டி கத்திக்கொண்டே ஓடினான்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமெடுத்தாள். சாக்கு அவிழ்ந்து, கருவேலங்கட்டை வெளியே தெரிந்தது. கட்டை கீழ்ப்பக்கம். அப்படியானால் வாய் மேலே, தாடைக்கு அடியில்.

சுபலட்சுமி தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். பொத்தான் தெறித்தது. "ஓடாதடா! நீ புடுங்கப் போனா அது வெடிக்கும். இங்கனயே நில்லு. காலெடுத்து வைக்காத."

அவனை அங்கேயே விட்டுவிட்டு, கைகளை வெறுமையாக விரித்துக் காட்டியபடி அவள் மட்டும் நடந்தாள். ஓடாமல் நடப்பது பெரும் பாடாக இருந்தது.

"அக்கா, தங்கப்பொண்ணு அக்கா. நா சுபலட்சுமி. கொஞ்சம் நில்லுங்க. அந்தச் சாமானுக்குள்ள மருந்து போட்டிருக்கு."

தங்கப்பொண்ணு நின்றாள். ஆனால் பிடியை விடவில்லை. கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"பொய்யி. வாங்கி ஒளிக்கப் பாக்குறீக."

"சத்தியமாப் போட்டிருக்கு. வாய் உங்க தாடைக்கு நேரா இருக்கு. அத அப்பிடியே பைய..."

"ஒங்க தம்பி வந்து எந்தம்பி காலப் புடிச்சுச்சு. நானும் அங்கனதான் நின்னேன். அவன் வெள்ளந்தி, சரின்னுட்டான். காட்டுல கெடந்துச்சாம்! நா கேக்குறேன், கெடந்தா எப்பிடி ரெண்டு கெடக்கும்? இத டேசன்ல கொண்டுபோயி வச்சு, இது யாரு ரூம்ல இருந்துச்சுன்னு சொல்லப்போறேன். எவன் தடுக்குறான்னு பாக்குறேன்."

கோபத்தில் அவள் பேசப் பேச, அணைத்திருந்த சுருள் குலுங்கியது. சாக்கு விலகிய இடத்தில் பித்தளை வெயிலில் மின்னியது. அவள் கட்டை விரல் அதன்மேல் அழுந்தியிருந்தது. தான் கடைந்த சாமான் எத்தனை சரியாக வேலை செய்யும் என்பது சுபலட்சுமிக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்க சொல்றதுதான் சரி. டேசனுக்குப் போகத்தான் வேணும். ஆனா நீங்க தூக்கிட்டுப் போக வேணாம். அவுகளே வரட்டும். இந்தா, உங்க முன்னாடியே கூப்பிடுறேன்."

போனை எடுத்தாள். நூறை அழுத்தி, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, கையை நீட்டிப் பிடித்தாள்.

"சார், என் பேரு சுபலட்சுமி. மதுரை திருநகர். பேரையூர்ல துப்பாக்கி வெடிச்ச கேசு இருக்குல்ல, அதோட இன்னொரு துப்பாக்கி இங்க இருக்கு. மருந்து போட்டு இருக்கு. தோட்டம் என் தம்பி அருள்பாண்டியோடது, துப்பாக்கியும் அவனோடது. அதுல இருக்கிற பித்தளைச் சாமான் நான் செஞ்சது. வெடிச்சதுலயும் நான் செஞ்சதுதான்."

மறுமுனையில் இடத்தைக் கேட்டார்கள். சொன்னாள். யாரும் பக்கத்தில் போக வேண்டாம், வண்டி வருகிறது என்றார்கள். பின்னால் தம்பி, "அக்கா! என்னையக் காட்டிக் குடுக்குறியா?" என்று உடைந்த குரலில் கேட்டது காதில் விழுந்தது. திரும்பாமலேயே, "என்னையும் சேத்துத்தான்டா" என்றாள்.

தங்கப்பொண்ணு அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீயா செஞ்ச?" என்றாள். மரியாதை போயிருந்தது.

"ஆமாக்கா. மொதல்ல கட்ட விரல எடுங்க. அந்த மஞ்சச் சாமான் மேல இருந்து. ம். இப்பத் தலைய அங்கிட்டுச் சாய்ங்க. வாய வரப்புப் பக்கம், ஆளில்லாத பக்கம் திருப்புங்க. பைய உக்காருங்க. பைய."

தங்கப்பொண்ணு முழங்காலிட்டாள். சுருளைப் பாதையோரப் புல்லில் கிடத்தினாள். கையை எடுத்தாள். சுபலட்சுமி அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டு பத்துப் பதினைந்து அடி வந்ததும் இருவருமே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். தங்கப்பொண்ணுதான் முதலில் கையை உதறிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

ஜீப் வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை மூவரும் மூன்று இடத்தில், அந்தச் சாக்கையே பார்த்தபடி இருந்தார்கள். அருள்பாண்டி நினைத்திருந்தால் தட்டைகளுக்குள் புகுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

பேரையூர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். முத்துமீனாவும் பாண்டியராஜனும் வந்து சேர்ந்திருந்தார்கள். பாண்டியராஜன் ஒரு வார்த்தை திட்டவில்லை. வாசலில் நின்று அவளுடைய செருப்பில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். வாக்குமூலத்துக்கு முன் முத்துமீனா அவளை ஓரமாக அழைத்துப் போனாள்.

"பம்புக்குன்னு சொன்னான், நம்பிச் செஞ்சேன். இதத் தாண்டி ஒரு வார்த்த வேணாம். வெளங்குதா? இந்த ஒரு வரியிலதான் உன் கேசே இருக்கு. நீயாத்தான் போன் பண்ணியிருக்க, அதுவும் நமக்குச் சாதகம். கெடுத்துக்காத."

இன்ஸ்பெக்டர் தாளை எடுத்துவைத்தார். துப்பாக்கிகளிலிருந்து கழற்றிய இரண்டு பித்தளைத் துண்டுகளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று கரிபிடித்து, ஒன்று பளபளவென்று.

"என்னாத்துக்குன்னு சொல்லிக் கேட்டாரும்மா உங்க தம்பி?"

"மருந்தடிக்கிற பம்புக்குன்னு."

"நீங்க நம்புனீங்களா?"

முத்துமீனா தொண்டையைச் செருமினாள். ஆம் என்றால் முடிந்தது. வாய் திறந்தால் வந்துவிடும் ஒற்றைச் சொல். ஆனால் தங்கப்பொண்ணு வராந்தாவில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. அவள் தம்பிக்கும் இப்படித்தான் ஒரு வரி சொல்லிக்கொடுத்தார்கள்.

"பம்புல இதுக்கு எடமில்லன்னு படத்தப் பாத்ததும் தெரிஞ்சுச்சு சார். துப்பாக்கியா இருக்குமோன்னு ஒரு சந்தேகமும் வந்துச்சு. கேட்டா அவன் உண்மையச் சொல்லிருவான், அப்பறம் செய்ய முடியாது. எனக்குச் செய்யணும்னு இருந்துச்சு. அதனால கேக்கல."

இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இத எழுதிக்கவா?"

"எழுதிக்கங்க."

முத்துமீனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சுபலட்சுமியைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநகரில் ஒரு சரக்கு வேன் வந்து, ஆறு பேர் சேர்ந்து லேத்தைத் தூக்கிப் போனார்கள். பாதியில் நின்ற எஞ்சின், பித்தளைத் துண்டுகள், தம்பி கொண்டுவந்த தாள், எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டி எடுத்துப்போனார்கள். எதிர்வீட்டு மாடியிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்தார்கள். பதினெட்டு நாள் மதுரைப் பெண்கள் சிறையில் இருந்தாள். பொங்கல் அங்கேதான் கழிந்தது. ஜாமீனில் வந்தபோது கம்பெனி, வழக்கு முடியும்வரை வர வேண்டாம் என்று கடிதம் அனுப்பியிருந்தது. குழுவை ராம்கி கலைத்துவிட்டான். அவனையும் ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

முத்துமீனா ஒரு வாரம் கோபமாக இருந்துவிட்டு, பிறகு தோழியின் வழக்கோடு இன்னொரு பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். சுபலட்சுமி கேட்டுக்கொண்டபடி, மலைச்சாமிக்கு வேறொரு நல்ல வக்கீலைப் பார்த்து அமர்த்திக் கொடுத்தாள். துப்பாக்கி தனதுதான் என்று அருள்பாண்டி ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டிருந்ததால், ஆஸ்பத்திரியில் சொன்னதை மாற்றி நடந்ததைச் சொல்ல மலைச்சாமிக்குத் துணிவு வந்தது. குற்றப்பத்திரிகை வந்தபோது அவர் பெயர் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் இல்லை. அரசுத் தரப்புச் சாட்சியாக இருந்தார்.

அருள்பாண்டிக்கு ஜாமீன் கிடைக்க மூன்று மாதம் ஆயிற்று. வெளியே வந்தவன் அக்காள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

முதல் விசாரணை ஆடி மாதம். கோர்ட் வராந்தாவில் நல்ல கூட்டம். அருள்பாண்டி தூணுக்கு அந்தப் பக்கம் நின்றான். இளைத்துப் போயிருந்தான். அவளைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான். பிறகு ஒருமுறை, அவள் பார்க்கவில்லை என்று நினைத்து, திரும்பிப் பார்த்தான்.

பெஞ்சில் இடமில்லாமல் சுபலட்சுமி சுவரோரம் நின்றிருந்தபோது, வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர் பக்கத்தில் வந்து நின்றார். வலது கையைச் சட்டைக்குள் பாதி மறைத்திருந்தார். கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் இருந்தன. இரண்டடி தள்ளித் தங்கப்பொண்ணு பையோடு நின்றாள்.

"நீங்கதான் அருள்பாண்டி தம்பிக்கு அக்காவா?"

"ஆமாண்ணே."

அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிறையில் பதினெட்டு நாளும் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்திருந்தாள். அந்தக் கையைப் பக்கத்தில் பார்த்ததும், அவர் நிற்கச் சுவரோரம் இடம் விட்டு நகர்ந்துகொண்டாள்.

"உள்ள கூப்பிட்டு, என்ன நடந்துச்சுன்னு கேப்பாகளாம்" என்றார் மலைச்சாமி. "நா உள்ளதத்தான் சொல்லுவேன் தாயி. உங்களுக்குப் பாதகமா இருந்தாலும் அதத்தான் சொல்லணும்னு எங்கக்கா சொல்லுது."

"அதத்தான் சொல்லணும்ணே" என்றாள் சுபலட்சுமி.

தங்கப்பொண்ணு இந்தப் பக்கம் திரும்பவில்லை. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, தம்பியின் இடது கையில் கொடுத்தாள். உள்ளேயிருந்து டவாலி வந்து பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். முதலில் அருள்பாண்டி. அடுத்து அவள் பெயர். சுபலட்சுமி சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தம்பிக்குப் பின்னால் படியேறினாள்.